புதன்கிழமை எண்கள்

மார்ச் 7, வெள்ளி

சிட்டுவின் சித்திக்கு,

சர்க்கரை பார்க்கும் மீட்டர் பைக்குள் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். சிட்டுவின் அப்பாவுக்குப் போன் செய்தால், "அதெல்லாம் அவகிட்ட சொல்லிடு" என்கிறார். உங்களிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

டாக்டர் சொன்னது இதுதான். சிட்டுவுக்குச் சர்க்கரை நோய் இல்லை. வெறும் வயிற்றில் நூறுக்குள் இருக்க வேண்டியது, நூற்றெட்டு இருக்கிறது. எல்லைக்கோட்டில் நிற்கிறாள். எட்டு வயசுக் குழந்தையைப் பயமுறுத்தக் கூடாது. அடுத்த மாதம் அவர் பார்க்கும் வரை வாரம் இரண்டு நாள் காலையில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். புதன்கிழமை இங்கே நான், சனி, ஞாயிறு அவள் உங்கள் வீட்டுக்கு வருவதால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள். பிஸ்கட், ஜூஸ் எதுவும் கொடுக்காதீர்கள். நல்ல சித்தி என்று பெயர் வாங்க இது நேரமில்லை.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா


மார்ச் 9, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். காலையில் பார்த்தேன், நூற்றாறு. எழுதிவிட்டேன். பிஸ்கட் டப்பாவைப் பரண்மேல் ஏற்றியாகிவிட்டது. அவர்தான் பாவம், ஏணியைத் தேடுகிறார்.

ஒரு சின்ன விஷயம். விரல் நுனியில் நடுவில் குத்தினால் வலிக்கும், ஓரமாகக் குத்திப் பாருங்கள். பல் டாக்டரிடம் வேலை பார்ப்பதால் குழந்தைகளின் பயம் எனக்குப் பழக்கம். சிட்டு இன்று அழவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 28, வெள்ளி

சிட்டுவின் சித்திக்கு,

அக்கா, தங்கை என்றெல்லாம் வேண்டாம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை.

புதன்கிழமை ஊசியை எடுத்ததும் சிட்டு சொல்கிறாள், "சித்தி குத்தினா வலிக்கவே வலிக்காது. நீ குத்தினாதான் வலிக்குது." துணி வெட்டும் மேசை முன்னால் நாள் முழுக்க இதையே நினைத்துக்கொண்டு நின்றேன். ஒரே சட்டைக்கு இரண்டு இடக்கை வெட்டி மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெற்றவள் குத்தினால் வலிக்கும், வந்தவள் குத்தினால் வலிக்காது. நல்ல நியாயம்.

நோட்டைப் பாருங்கள். என் வீட்டில் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நான்கு. உங்கள் வீட்டில் மூன்று வாரமும் நூறுக்கு மேல். வலிக்காமல் குத்தத் தெரிந்தால் போதாது, வளர்க்கத் தெரிய வேண்டும். அடுத்த மாதம் 15ஆம் தேதி டாக்டர் இதைப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு சனி, ஞாயிறு அங்கே அனுப்புவதாக இல்லை.

சிட்டுவின் அம்மா


ஏப்ரல் 6, ஞாயிறு

அக்கா (வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை),

உங்கள் கடிதத்தை அவரும் படித்தார். "அவ வீட்ல தொண்ணூறு, நம்ம வீட்ல மட்டும் எப்படி நூறு? நீ என்னதான் பண்ற?" என்றார். அதனால்தான் போன வாரமும் நேற்றும் சிட்டுவுக்குச் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தேன். இன்று காலை எழுந்ததும், "சித்தி, பசிக்குது. நம்பர் நல்லா வந்தா சாப்பிடலாமா?" என்று கேட்டாள். நூற்றேழு வந்தது. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மீட்டர் கெட்டுவிட்டதோ என்று பொத்தானை அழுத்திப் பார்த்தேன். பழைய எண்களெல்லாம் தேதியோடு உள்ளேயே இருக்கின்றன. உங்களுக்கு அது தெரியாது என்று நினைக்கிறேன். உங்கள் புதன்கிழமைகள்: நூற்றொன்பது, நூற்றேழு, நூற்றுப்பத்து, நூற்றெட்டு.

அவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் டாக்டர் இந்த நோட்டை நம்பித்தானே முடிவு எடுப்பார்? என் கோபத்தை எழுதினால் தாள் போதாது. சிட்டுவுக்கு வயிறு நிறையக் கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.

தங்கை


ஏப்ரல் 11, வெள்ளி

சிட்டுவின் சித்திக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து, ஒட்டிவைத்துப் படித்தேன்.

முதல் புதன்கிழமை நூற்றொன்பதைப் பார்த்ததும் நோட்டில் உன் நூற்றாறுதான் கண்ணில் பட்டது. உன்னைவிட மூன்று கூடுதல். குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று தோன்றவில்லை, நீ ஜெயித்துவிட்டாய் என்றுதான் தோன்றியது. தொண்ணூற்றைந்து என்று கை தவறி எழுதிவிட்டேன் என்று சொல்ல ஆசை. கை தவறவில்லை. அதற்காக என் பிள்ளை உன் வீட்டில் அரைவயிறாகக் கிடந்திருக்கிறாள்.

எனக்கு உன்மேல் பொறாமை. அவர், அந்த வீடு, அதற்கெல்லாம் எப்போதோ அழுது முடித்துவிட்டேன். வலிக்காமல் குத்தும் அந்தக் கைமேல்தான் பொறாமை. என்னைக் காட்டிக்கொடுக்க நல்ல சமயம் வாய்த்தும் நீ வாய் திறக்கவில்லை பார், அதைத்தான் துளியும் தாங்க முடியவில்லை. நானாக இருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பேன்.

நோட்டில் பொய்யை அடித்துவிட்டு, பக்கத்தில் உள்ளதை எழுதியிருக்கிறேன். இந்தப் புதன் நூற்றாறு, கலப்படமில்லாதது. சிட்டுவிடமும் சொன்னேன்: "அம்மா தப்பா எழுதிட்டேன். இனிமே நீ பசியோட இருக்க வேண்டாம்." "அப்ப சித்தி மேல தப்பே இல்லையா?" என்று கேட்டாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதுவும் உனக்குத்தான்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடம் நானே சொல்லிவிடுகிறேன். நீயும் வா. மூன்று மாதச் சராசரி பார்க்க ரத்தம் எடுப்பார்களாம், பெரிய ஊசி. சிட்டு நடுவில் உட்காரட்டும். பயத்தில் யார் கையைப் பிடிக்கிறாள் என்று நான் பார்க்கத்தான் போகிறேன். உன் கையைப் பிடித்தால் எனக்கு வயிறு எரியும்.

இருந்தாலும் வா.

சிட்டுவின் அம்மா