கேமராவுக்குப் பின்னால் பேசியவர்

என் செல்ல வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீ சுகம் என்பதை, போனில் நீ அனுப்பும் கட்டைவிரல் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். கடிதத்தோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். கவரைக் கிழிக்கும்போது அதையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதே. உன் லட்சணம் எனக்குத் தெரியும்.

அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் செய்த புண் ஆறிவிட்டது. சாப்பாடு தடையில்லாமல் இறங்குகிறது. குரல் இனி வராது என்று டாக்டர் சொன்னது சொன்னதுதான். ஊர்ப்பட்ட வாயாடி மனுஷன், சும்மா வாயைத் திறந்து மூடுவதைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் பரணில் கிடந்த பழைய வீடியோ கேசட்டுகளை இறக்கினேன். உன்னைப் படம் பிடித்ததெல்லாம் அவர்தானே. ஒன்றில்கூட அவர் முகம் இருக்காது, ஆனால் எல்லாவற்றிலும் பேச்சு இருக்கும். அந்தக் குரல் வேண்டும் என்றுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கேசட்டெல்லாம் பூஞ்சை. வீடியோ கடைக்காரர் பொறுமையாகத் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிக் காட்டினார். நீ வாளிக்குள் உட்கார்ந்து தண்ணீர் அடிக்கிறாய், பின்னால் புல்லாங்குழல்! சைக்கிளிலிருந்து விழுகிறாய், அதற்கு வயலின் அழுகிறது! அப்பா குரலைக் காணோம். கேட்டால், "பின்னாடி யாரோ ஒருத்தர் தொணதொணன்னு பேசிக்கிட்டே இருந்தாரும்மா. அதை எடுத்துட்டு மியூசிக் போட்டுட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். அந்த யாரோ ஒருத்தர் என் வீட்டுக்காரர், அந்தத் தொணதொணப்புக்காகத்தான் நான் வந்ததே என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பாவம், மனிதர் ஆடிப்போய்விட்டார்.

முதலில் குரலோடு ஏற்றியதை அவர் வைத்துக்கொள்ளவில்லையாம். கேசட்டை மறுபடி ஓட்டத்தான் வேண்டும், நாடா நைந்திருக்கிறது, அறுந்தாலும் அறுந்துவிடும் என்றார். அறுந்தால் அந்தக் குரல் உலகத்திலேயே இல்லை. ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு, பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றேன். படம் கோடு கோடாகத்தான் வந்தது. குரல் மட்டும் கணீரென்று வந்தது, வாலு! "ஏய் வாலு, கேமராவை நக்காதடி! நீ வேற, வெளிச்சத்தை மறைக்காம கொஞ்சம் தள்ளேன்." இரண்டாவது எனக்கு விழுந்த திட்டு. அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறேன், வெட்கங்கெட்டவள்.

அப்பாவுக்குப் போட்டுக்காட்டத்தான் பயம். மனசு உடைந்துபோனால்? கொஞ்ச நாள் ஒளித்து வைத்திருந்துவிட்டு நேற்றுதான் போட்டேன். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிக்கொண்டு போனால், மனுஷன் சிரிக்கிறார்! அப்புறம் போனை எடுத்து என் கையில் வைத்தார். திரையில் உன் பெயரைக் காட்டினார். தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

ஆபரேஷனுக்குப் பிறகு நீ ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. கோபம் இல்லையடி. பதில் சொல்ல முடியாதவரிடம் என்ன பேசுவது என்று நீ தவிக்கிறாய், பெற்றவளுக்குப் புரியாதா? ஆனால் போன் அடித்தால் முதலில் எழுந்து போகிறவர் அவர்தான். யாரென்று பார்த்துவிட்டு என்னிடம் நீட்டிவிடுகிறார்.

எதையாவது பேசு, ராசாத்தி. மேனேஜரைத் திட்டு, சோறு குழைந்துபோன கதையைச் சொல். நீ தீர்க்காயுசாக, நிறைவாக இருக்க வேண்டும். அப்பாவுக்குக் குரல்தான் போயிருக்கிறது. காது நன்றாகக் கேட்கிறது.

போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கும்,
உன் அம்மா