இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்

ஜூன் 3, திங்கள்

நூல் கடைக்காரர் ஜனவரியிலேயே கொடுத்த டைரி. ஆறாவதோடு நின்றவளுக்கு டைரி எதற்கு என்று பாபின் டப்பாவுக்கு அடியில் போட்டுவிட்டேன். இன்றைக்கு எடுத்ததற்குக் காரணம், கடையில் நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு மாசம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வைத்ததும் "இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று வாய் தானாகத் திறக்கிறது. எதிரே நாற்காலிதான் இருக்கிறது.

நடந்தது இதுதான். ஒருத்தர் பேண்ட்டை இடுப்பில் பிரித்து விடச் சொல்லி வந்தார். துவைத்ததில் சுருங்கிவிட்டதாம். எங்கள் ஆல்டரேஷன் அறையில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற அக்கா தலை நிமிராமல் சொன்னாள், "ஆமாங்க, இங்க வர்ற துணி எல்லாமே இடுப்புல மட்டும்தான் சுருங்குது."

அவருக்குச் சொல்லியிருந்தால் இதை ஒரு வாரம் வைத்துச் சிரித்திருப்பார்.

ஜூன் 5, புதன்

நாத்தனார் வந்தாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை, அதனால் என் மகளுக்கு அவள் ஊசி அத்தை. கையில் பள்ளிக்கூடப் படிவம்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. கணக்கு, சயின்ஸ் நான் பாத்துக்கறேன். எழுதறதுக்கு அண்ணன் இருந்தார். இனிமே யாரு? நீங்களா?"

கேட்டதில் தப்பு இல்லை. கோபம் வந்தது, ஆனால் தப்பு இல்லை.

மகளுக்குப் பேச்சு திக்கும். பள்ளிக்கூடத்தில் "உள்ளேன்" சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெயர் போய்விடும், வகுப்பே சிரிக்கும். தினமும் காய்ச்சலோடு வந்தாள். அவர்தான் போதும் என்று வீட்டில் வைத்துக்கொண்டார். "வாயில மாட்டிக்கிற வார்த்தை அவ கையில ஓடுது. ஓட விடு." லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், பிள்ளைக்கு வைத்த செல்லப் பெயரும் ஸ்பேனர். தினம் ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் படிப்பார். ஐந்து வருஷம். இப்போது பதினோராம் வகுப்புப் பாடம் படிக்கிறாள். ஏழு மாசமாக ஒரு வரி எழுதவில்லை.

படிவம் கொடுக்க ஜூன் 29 கடைசி. அதற்குள் எழுதச் சொல்லிக்கொடுக்க நல்ல ஆள் கிடைத்தால் வீட்டுப் படிப்பு, இல்லையென்றால் பள்ளிக்கூடம். அப்படி ஒத்துக்கொண்டேன்.

ஸ்பேனர் தண்ணீர் டம்ளரைப் படிவத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். நல்ல வட்டமாக ஊறியிருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

நாத்தனாரே தேடி மூன்று ஆன்லைன் வகுப்பு அனுப்பினாள். போனில் பார்த்தேன். முதல் இரண்டில் பல் தெரியச் சிரிக்கிற பிள்ளைகள். மூன்றாவது ஒரு அம்மா தனியாக நடத்துவது, அதில் படமே இல்லை, கடை திறந்திருக்கிறதா என்றே சந்தேகம். முதல் வகுப்பில் "உங்கள் குழந்தைக்குள் உறங்கும் எழுத்தாளரை எழுப்புங்கள்" என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் உறங்கவில்லை. விழித்துக்கொண்டே சுவரைப் பார்க்கிறாள்.

அங்கிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். "மேடம், உங்க எதிர்பார்ப்பு என்ன?"

"பொண்ணு எழுதணும்."

"அது தவிர?"

"அது தவிர என்னப்பா இருக்கு?"

லைனில் தாள் புரட்டுகிற சத்தம். பாவம், அவனுக்குக் கொடுத்த தாளில் அதற்குப் பதில் இல்லை போல.

ஜூன் 10, திங்கள்

"எ... எதுவும் வேணாம்மா" என்கிறாள். அவ்வளவுதான் இன்றைக்கு.

ஜூன் 12, புதன்

ஒன்று தோன்றியது. எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் திருத்தம் தெரியும்! இருபது வருஷமாக அதைத்தானே செய்கிறேன். ஒரு தையல்காரி எப்படி என்று பார்க்க வேண்டுமானால் அவள் முடித்த துணியை உட்புறம் திருப்பிப் பார்த்தால் போதும். ஆளுக்காகத் துணியைத் திருத்தியிருக்கிறாளா, தன் இஷ்டத்துக்கு வெட்டித் தள்ளியிருக்கிறாளா, எல்லாம் தெரிந்துவிடும்.

மூன்று பேருக்கும் ஒரே பக்கத்தை அனுப்பித் திருத்தித் தரச் சொன்னால் என்ன? கேட்டேன். மூன்று பேரும் சரி என்றார்கள்.

காஜா அக்காவிடம் சொன்னேன். "ஆறாவதுல உன்னை நிறுத்தினவங்களைக் கூப்பிட்டுக் காட்டணும்டி" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

அனுப்பிவிட்டேன். அப்பாவும் அவளும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டதைப் போன வருஷம் எழுதியிருந்தாள், அந்தப் பக்கம். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் கொடுக்கமாட்டாள். காலையில் போட்டோ எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து அனுப்பினேன். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன், எல்லாம் தட்டுத்தடுமாறித்தான்.

திருட்டுத்தனம்தான். பெற்றவள் செய்தாலும் திருட்டு திருட்டுதானே?

ஜூன் 17, திங்கள்

முதல் வகுப்பு பதில். "அற்புதம்! மனித உடலை நுட்பமாகக் கவனித்திருக்கிறார்." கூடவே பூப்போட்ட சான்றிதழ். நட்சத்திர எழுத்தாளராம்.

சந்தோஷம்தான். ஆனால் லிஃப்டுக் கதையில் உடம்பு எங்கே வந்தது?

ஜூன் 18, செவ்வாய்

இரண்டாவது வகுப்பு. பத்துக்கு நாலு. முன்னுரை இல்லை. முடிவுரை இல்லை. எண்களை எழுத்தால் எழுதவும். கீழே அவர்களே முழுசாக மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார்கள், அதைப் படிக்கப் பொறுமை இல்லை.

என்ன எண்? மூன்றாவது மாடியா?

ஜூன் 20, வியாழன்

எழுத உட்கார்ந்தும் சிரிப்பு அடங்கவில்லை.

மூன்றாவது அம்மா பக்கத்தை அச்செடுத்து, பென்சிலால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்பியிருந்தார். வீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிசாக்கிப் பார்க்கிறேன் — என் கையெழுத்து. என் அளவு நோட்டு. பழைய நோட்டு, தாள் கழன்று வருகிறது, தொலைந்துவிடுமோ என்று அவர் பக்கத்தை அனுப்பிய அன்றைக்குக் காலையில்தான் போட்டோ எடுத்து வைத்தேன். இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கிறது. மூன்று பேருக்கும் நான் அனுப்பியது இதுதான்:

"அவர். கழுத்து 15½. மார்பு 40. இடுப்பு 34 (அடித்து) 36 (அடித்து) 38. கேட்டால் 36 என்று சொல்லு. இடது தோள் அரை இஞ்ச் இறக்கம். பேட் வைக்காதே. அப்படியே விடு."

இதற்குத்தான் சான்றிதழ். இதற்குத்தான் முன்னுரை இல்லை.

அந்த அம்மா மார்க் போடவில்லை, ஒரு எழுத்தைக்கூட அடிக்கவில்லை. ஓரத்தில் மூன்று கேள்வி. "36 என்று யாரிடம் சொல்ல வேண்டும்?" "தோள் ஏன் இறங்கியது?" "அப்படியே விடச் சொன்னது ஏன்?"

ஸ்பேனரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். போனை வாங்கி மூன்று பேர் பதிலையும் வாய்விட்டுப் படித்தாள், திக்கித் திக்கி. இரண்டாவது வகுப்பு மாற்றி எழுதியதில் "தோள்களில் சமநிலை பேணப்பட வேண்டும்" என்று வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மு... மு... முன்னுரை இல்லையாம்மா அப்பாவுக்கு!" விக்கல் வருகிற அளவுக்குச் சிரித்தாள். நானும். ஏழு மாசச் சிரிப்பு.

பிறகு மெதுவாகச் சொன்னாள், "மு... முடிவுரையும் இல்லையாம்."

பத்துக்கு நாலு போட்டவர் தெரியாமல் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டார்.

ஜூன் 21, வெள்ளி

அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "அது என் பொண்ணு எழுதினது இல்லீங்க. நான் எழுதின அளவு நோட்டு, மாறிப் போச்சு."

"அளவு நோட்டுன்னு பாத்ததுமே தெரிஞ்சுதும்மா. ரொம்ப நல்லா இருந்தது, அதான் கேட்டேன்."

கன்னம் சூடாகிவிட்டது. "வகுப்புல காமிரா முன்னாடி பேசணுங்களா? பொண்ணுக்குப் பேச்சு திக்கும்."

"எழுத்து வகுப்புல எதுக்குப் பேச்சு?"

ஜூன் 22, சனி

கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே பென்சில் சீவுகிற சத்தம்.

ஜூன் 23, ஞாயிறு

நாத்தனார் வந்தபோது மேஜைமேல் இரண்டு பக்கம். "உ... உங்களுக்கும்தான்" என்று ஸ்பேனர் தள்ளிவிட்டாள். நாத்தனார் படித்தாள், நான் அவள் தோளுக்குமேல் எட்டிப் படித்தேன்.

கல்யாணச் சட்டைக்கு அளவெடுத்தபோது அவருக்கு இரண்டு தோளும் சமம். பிறகுதான் இடது இறங்கியது. கருவிப் பையின் கனம், வயசு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். தோளைத் தூக்கிக் காட்டப் பஞ்சு பேட் வேண்டாம் என்றார், சட்டையைத் தோளுக்குத் தகுந்த மாதிரி வெட்டினேனே தவிர, பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொள்ளாதது ஏன் என்று கேட்கவில்லை.

பிள்ளை எழுதியிருக்கிறாள்: "நான் அப்பாவுக்கு வலது பக்கம் நடப்பேன். என் வார்த்தை வந்து சேர நேரமாகும். அது வருகிற வழியில் பை இருக்கக்கூடாது என்பார். அதனால் பை எப்போதும் இடது தோளில். அரை இஞ்ச் என்னால்தான்."

தினம் ஐம்பது பேருக்கு ரத்தம் எடுத்தும் கண் சிமிட்டாதவள், படிவத்தை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்துப் படிவத்துக்குப் பின்னாலிருந்து குரல். "இவ பள்ளிக்கூடத்துக்குப் போனா முன்னுரைதான் எழுதுவா. நீங்க சொன்ன அந்த மூணாவது ஆளே சரி அண்ணி."

"அடுத்த பக்கத்துல, அப்பா இடுப்பு 36ன்னு யார்கிட்ட சொல்லணும்னும் எ... எழுதியிருக்கேன் அத்தை."

"யார்கிட்ட?"

"உ... உங்ககிட்டதான். நீங்க சுகர் டெஸ்ட் எடுக்கச் சொல்லித் துரத்துவீங்களாம்."

"அடப்பாவி அண்ணா" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒரே மூக்கில்.

ஜூன் 29, சனி

படிவத்துக்குக் கடைசி நாள். நல்ல கெட்டித் தாள். அதிலேயே காலருக்கு மாதிரித் தாள் வெட்டினேன். டம்ளர் வட்டம் நடுவில் சரியாக உட்கார்ந்தது.

ஜூலை 6, சனி

மூன்று பாடம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்த அம்மா கேள்வி மட்டும் அனுப்புகிறார். இவள் முணுமுணுத்துக்கொண்டே பதில் எழுதுகிறாள். சாயங்காலம் நான் பையை வைத்ததும், "இன்னிக்கு க... கடையில என்ன ஆச்சு?" என்கிறாள். கதைக்கு வேண்டுமாம். காஜா அக்கா அதற்குள் இரண்டு தரம் வந்துவிட்டாள் கதையில்.

புதுச் சட்டைக்கு அவளுக்கு அளவெடுத்தேன். "நேரா நில்லு" என்றேன்.

"நே... நேராத்தான் நிக்கறேன்."

இரண்டு தரம் டேப்பை வைத்துப் பார்த்தேன். அவளுக்கு அவர் இடது பக்கம்தானே நடந்தார், அந்தப் பக்கமே சாய்ந்து நடந்திருக்கிறாள்.

நோட்டில் எழுதிக்கொண்டேன்: இடது தோள் கால் இஞ்ச் இறக்கம். பேட் வைக்காதே. அப்படியே விடு.