சார்ஜைத் தின்றது யார்

மார்ச் 3, செவ்வாய்

நல்ல வெயில். போர்வை இரண்டையும் துவைத்துக் காயப்போட்டாயிற்று. குறை ஒன்றும் இல்லை, மடிக்கணினியைத் தவிர. முழுசாகச் சார்ஜ் ஏற்றி ஒயரைப் பிடுங்கினால் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. பேத்தி கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. புதுசு வந்ததும் எனக்குத் தந்துவிட்டாள். அதற்கு வயசாகிவிட்டதாம். எனக்கும்தான் ஆகிறது. நான் என்ன பேச்சுக்கு நடுவில் பொசுக்கென்று அணைந்தா போகிறேன்?

மார்ச் 5, வியாழன்

பேத்தி பேசினாள். மண்புழு பற்றிய அவள் ஆராய்ச்சிக்கு அடுத்த வியாழன் காலை வாய்மொழித் தேர்வு. பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம். தேறினால் டாக்டர். கணினி வழியாக வீட்டிலிருந்தே நாமும் பார்க்கலாம். "நீ கண்டிப்பா உக்காரணும் பாட்டி. உன் மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயம் போயிடும்" என்றாள்.

மாடி வீட்டு அம்மாளிடம் சொன்னேன். "மண்புழுவுக்கு டாக்டரா? ஊசிய எந்தப் பக்கம் போடுவா?" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் பேத்தி டாக்டர். அவள் வீட்டில் இருக்கிறார்களா அப்படி?

மார்ச் 6, வெள்ளி

வாசலில் நோட்டீஸ். வியாழன் பகல் முழுக்க மின்தடை. அதே வியாழன்! "என் போன்ல பாத்துக்கலாம்மா" என்கிறான் மகன். என் கண்ணுக்கு அதில் அவள் எறும்பாகத்தான் தெரிவாள். அவன் போனிலிருந்து இணையம் மட்டும் கொடுத்தால் போதும். இந்தப் பெட்டி தாங்க வேண்டுமே.

மார்ச் 7, சனி

மகன் திரை வெளிச்சத்தைக் குறைத்தான். எதையோ மாற்றினான், எதையோ அணைத்தான். அதே அரை மணி. "பேட்டரி செத்துப்போச்சும்மா" என்றான். இவனுக்கு எல்லாமே செத்துப்போனதுதான். கடையில் கேட்டால், இந்த மாடலுக்குப் புது பேட்டரி வர மாசக் கடைசி ஆகுமாம்.

மார்ச் 9, திங்கள்

மருமகளோடு பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் எதையோ தட்டிப் பார்த்தாள். "பேட்டரி பாதி உயிரோடதான் இருக்கு. இப்படி இறங்கக் கூடாதே. உள்ள யாரோ சார்ஜத் திங்கறாங்க."

கண்டுபிடித்துவிட்டாள். திரைக்குக் கீழே ஒளிந்திருந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தாள். எல்லாவற்றிலும் என் பேத்தி. எல்லாவற்றிலும் மண்புழு. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"யாரும்மா இத்தன வீடியோவ ஓட விட்டது?"

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

சொல்லித்தானே ஆக வேண்டும்? "எங்க பேத்தி போட்டதுங்க. யாரும் அவ்வளவா பாக்கறதில்ல. அதான், பாத்தவங்க எண்ணிக்கை கொஞ்சம் ஏறட்டுமேன்னு..."

"ஏன் அத்தை, நீங்க தூங்கும்போதும் அது பாத்துக்கிட்டிருந்துச்சா?" மருமகளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். கடைக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அணைத்துப் போட்டாலும், திறந்ததும் பழையதெல்லாம் தானாகக் கிளம்பும்படி இருந்ததாம். அதையும் நிறுத்தினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

ஒன்றரை மணி நேரம் நின்றது! ஆனால் தேர்வு இரண்டு மணி நேரம். இன்னும் எதைக் குறைப்பது?

மார்ச் 11, புதன்

என் பக்கத்துக் கேமராவை மூடினால் தாங்கும் என்று கடையிலிருந்து சொன்னார்கள். மகனும் நானும் அப்படியே கணினி வழியாக இரண்டு மணி நேரம் பேசிப் பார்த்தோம். சரியாகத் தாங்கியது. பேத்தியிடம் சொன்னேன்: "என் மூஞ்சி தெரியாதுடி. ஆனா நான் இருப்பேன்." "சரி பாட்டி" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

மார்ச் 12, வியாழன்

சொன்னபடி கரண்ட் போனது. மங்கலான திரை தெரிவதற்காக ஜன்னலைச் சாத்திவிட்டு மூவரும் உட்கார்ந்தோம். அழகாகப் பேசினாள். எனக்குப் பாதி புரியவில்லை, அதனால் என்ன? பிறகு நரைத்த தாடிக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். ஒரு கேள்விக்கு மேல் இன்னொன்று. அவள் பதில் சொல்ல ஆரம்பித்து நின்றுபோனாள். தண்ணீர் குடித்தாள். மறுபடி ஆரம்பித்தாள் — மறுபடி நின்றாள். சின்ன வயதில் இருட்டைக் கண்டால் நிற்பாளே, அதே முகம்.

ஜன்னலைத் திறந்தேன். கேமராவையும் திறந்தேன்.

"அம்மா, சார்ஜ் போயிடும்! முடிவு தெரியாமப் போயிடும்!" என்றான் மகன்.

"போனாப் போகட்டும் போடா."

என் முகம் ஒரு மூலையில் வந்தது. அவள் கண் அங்கே வந்து நின்றது. ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு அந்தத் தாடிக்காரருக்குச் சொன்னாள் பாருங்கள் பதில்! அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். முடிவைப் பேச எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்ன நேரத்தில் திரை கறுத்துவிட்டது.

மகன் அவசரமாகப் போனில் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் அந்தப் போனே அடித்தது. என் கையில் கொடுத்தான்.

"பாட்டி, டாக்டர் பேசறேன்."

போனை மருமகளிடம் நீட்டிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டேன். கரண்ட் எப்போது வந்தது என்றே தெரியாது.