வண்டிக்குப் புது மூக்கு

மார்ச் 3

இன்றும் அவளைப் பயமுறுத்திவிட்டேன். என் மனைவி சமையலறையில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கூப்பிட்டேன், கேட்கவில்லை. தோளைத் தொட்டேன். கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது. "உயிரே போயிடுச்சுங்க" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள்.

அவளுக்குக் காது மங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. டாக்டர் கொடுத்த காது மெஷின் அலமாரியில் கிடக்கிறது. "அதை மாட்டினா கிழவின்னு ஊருக்கே போர்டு வெச்ச மாதிரி" என்கிறாள். எனக்குப் போர்டே தேவையில்லை, மொட்டைத் தலையே போதும். ஆனால் இதைச் சொன்னாலும் அவளுக்குக் கேட்பதில்லையே.

அவளிடம் சொல்ல வேண்டிய பேச்செல்லாம் மிச்சமாகிப் போகிறது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேசக் கைப்பேசி எழுதிக்கொள்ளும்படி மகள் செய்து கொடுத்திருக்கிறாள். செய்தி வாசிப்பவரைப் போலப் பேசினால்தான் அதற்குப் புரியுமாம். அப்படியே பேசுகிறேன்.

மார்ச் 8

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள், மாப்பிள்ளை கையில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே பளபளவென்று ஒரு வளைந்த குழாய், அதன் நுனியில் கூம்பு மாதிரி சிவப்பு ஏர் ஃபில்டர். போன வாரம் என் பழைய கார் மேட்டில் திணறுகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அதன் பலன்.

"மாமா, உங்க எஞ்சின் மூச்சு விட முடியாம தவிக்குது. இதைப் போட்டா சிட்டாப் பறக்கும். பத்து குதிரை சக்தி கூடும்னு பெட்டியிலேயே போட்டிருக்கு."

படிக்கத் தெரியாததில் இது ஒரு வசதி. அட்டைப்பெட்டி என்னை ஏமாற்ற முடியாது.

ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நாள் முழுக்க வங்கியில் உட்கார்ந்திருக்கும் மனுஷன், கையில் கிரீஸ் பட்டதும் குழந்தையாகிவிட்டார். ஃபில்டர் இருந்த பழைய கறுப்பு டப்பாவைக் கழற்றிவிட்டுப் புது மூக்கை மாட்டினார். கீறல் விழுந்த விரலை மகளிடம் காட்டினார். "பெரிய சர்ஜரி பண்ணிட்டாரு" என்றாள் மகள்.

எங்கள் வீடு மேட்டின் உச்சியில். வழக்கமாக மூன்றாவது கியரில் ஏறினால் தையல் கடை வாசலில் வண்டி தொங்கிவிடும், இரண்டாவதுக்கு மாற்றியே ஆக வேண்டும். இன்று தையல் கடையைத் தாண்டி, சலூனையும் தாண்டி மூன்றாவதிலேயே போனது. மாப்பிள்ளை என் தொடையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். அப்புறம் "ஸாரி மாமா" என்றார்.

சத்தம்தான்! மிதித்தால் ஏதோ மிருகம் மூச்சை உள்ளே இழுப்பது போல உறுமுகிறது. தையல்காரர் ஊசியோடு வெளியே வந்து பார்த்தார்.

மார்ச் 9

வண்டி வேகமாகப் போகிறதா, இல்லை சத்தம் அப்படி நினைக்க வைக்கிறதா?

மார்ச் 13

இதை எப்படிச் சொல்வது.

ரொட்டி வாங்கிக்கொண்டு மேடேறி வந்தேன். கேட்டருகே அவள் நின்றிருந்தாள். சிரித்துக்கொண்டு. "வண்டி வர்றது கேட்டுச்சுங்க" என்றாள்.

முப்பத்தாறு வருடம் அடுத்தவர் கார்களை ஓட்டினேன். அப்போதெல்லாம் வாசலில் வண்டி நின்றதுமே உள்ளேயிருந்து சொல்வாள், "இன்னிக்கு வக்கீல் வண்டியா?" என்று. ஒரு தடவை கூடத் தப்பாது. வக்கீலின் வண்டிக்கு டீசல் இருமல், பள்ளிக்கூடத்து அம்மாவின் வண்டிக்கு பெல்ட் கீச்சு. அந்தக் காது.

நான் கேட்டைத் திறக்காமல் வண்டியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "இறங்கி வாங்க, ரொட்டி காஞ்சிடும்" என்றாள்.

மார்ச் 14

மகளிடம் போனில் சொன்னேன். அம்மாவுக்கு மெல்லிய சத்தங்கள்தான் போய்விட்டன, அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த சத்தம் இன்னும் கேட்கும் என்று டாக்டர் அப்போதே சொன்னாராம். அப்படியென்றால் என் குரல் மெல்லியதா? மேட்டுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறேனே!

மார்ச் 21

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தையல் கடைக்கு முன்னாலேயே வண்டி தொங்கிவிட்டது. மெக்கானிக்கிடம் போனேன். பானட்டைத் திறந்ததும் அவர் சிரித்தார்.

"இதென்ன பெருசு, இந்த வயசுல பந்தயமா?"

"மாப்பிள்ளை சீதனம்."

"மூடாம விட்டிருக்காரே, எஞ்சின் சூட்டுக் காத்தைத்தான் குடிக்குது. குளிர்ந்த காத்துன்னா சத்து அதிகம். அதுக்குத்தான் கம்பெனிக்காரன் டப்பா வெச்சு, வெளியிலேர்ந்து குழாய் விட்டிருக்கான்."

"முதல் நாள் நல்லா இழுத்துச்சே?"

"பழைய ஃபில்டரை எப்போ மாத்துனீங்க?"

மாற்றவா? நான் அதை டயரில் நாலு தட்டுத் தட்டி, தூசியை ஊதிவிட்டு, திரும்ப வைப்பேன். அப்படித்தான் பழக்கம். எத்தனை வருடமாக என்று நான் சொன்னதும் மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டார். "அதுல செடியே முளைச்சிருக்கும். புதுசா எதைப் போட்டாலும் இழுத்திருக்கும், பெருசு."

பழைய டப்பாவைத் திரும்ப மாட்டச் சொன்னார். அப்புறம் பார்க்கலாம் என்றேன். எதற்கு என்று அவருக்கு எப்படி விளங்கும்?

மார்ச் 23

மாப்பிள்ளையிடம் மறைக்க மனமில்லை. அவரே கூட வந்தார். இதே மேடு, இதே வெயில். முதலில் சிவப்பு மூக்கோடு ஏறினோம். பிறகு கறுப்பு டப்பாவில் புதுக் காகித ஃபில்டர் போட்டு ஏறினோம். டப்பாதான் சலூனைத் தாண்டியது.

பெரிய எஞ்சினாக இருந்து, மற்றதையும் மாற்றினால் பலன் தெரியுமாம். நம் வண்டிக்கு வெறும் சத்தம்தான் லாபமாம். அவராகவே சொன்னார். "உங்க வண்டியைக் கெடுக்கப் பார்த்தேன் மாமா. இதைத் தூக்கிப் போட்டுடறேன்."

"திரும்ப மாட்டுங்க மாப்பிள்ளை."

"ஏன்?"

"உங்க அத்தைக்குக் கேக்குதுல்ல."

அவர் குனிந்து, ஸ்பேனரை எடுத்து, மாட்ட ஆரம்பித்தார். இந்தத் தடவை சூட்டுக்குத் தகரத்தை வளைத்து ஒரு மறைப்பும் வைத்தார்.

ஏப்ரல் 1

தப்புப் பண்ணிவிட்டேன்.

பெட்ரோல் பங்கில் கூட்டம், தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால் நடு வெயிலில் கேட்டருகே அவள் நிற்கிறாள். முகமெல்லாம் சிவந்திருக்கிறது. தெருவில் யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பையனும் தன் காருக்கு இதே மாதிரி மூக்கு வைத்திருக்கிறான். அது ஒவ்வொரு தடவை உறுமும்போதும் நான் வருகிறேன் என்று வெளியே ஓடி வந்திருக்கிறாள்.

"நாலு வாட்டி வந்தேங்க. நாலு வாட்டியும் வேற யாரோ."

கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. சின்னப் பெண் தொலைந்துபோன இடத்தில் நிற்பது போல நின்றாள். என்னடா செய்து வைத்திருக்கிறேன் நான்? உறுமலை நம்பி அவளை விட்டுவிட்டேனே. அந்த மெஷினை மாட்டு, எனக்காக மாட்டு என்று உட்கார வைத்து ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்கவில்லை. அவள் அழுவாளோ என்று பயம்.

உள்ளே போனதும் அவள் எதிரில் உட்கார்ந்தேன். வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று மெதுவாகச் சொன்னேன். "நான் பேசுறது உனக்குக் கேக்கணும். வண்டி இல்ல. நான்."

ரொம்ப நேரம் என் வாயையே பார்த்தாள். "நீங்க என்ன பேசப் போறீங்க, பெருசா" என்றாள்.

ஏப்ரல் 2

அலமாரி திறந்திருந்தது. மெஷின் அங்கே இல்லை.

ஏப்ரல் 5

மெஷினை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். சாவியைத் திருப்பி மிதித்தேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயையோ! இவ்ளோ சத்தமாவா இத்தனை நாள் ஊரைச் சுத்துனீங்க? தெருவுல நான் தலைகாட்ட முடியுமா? முதல்ல அந்தச் சனியனைக் கழட்டுங்க!"

எத்தனை நாளாயிற்று அவள் என்னை இப்படித் திட்டி. நான் சிரித்த சிரிப்பில் வண்டி நின்றுபோனது.

ஏப்ரல் 7

மாப்பிள்ளை வந்து மூக்கைக் கழற்றிக் கொண்டுபோனார். "அத்தை தீர்ப்பு, அப்பீலே கிடையாது" என்றார். அவள் அவருக்கு டீ கொடுத்தாள். அவர் மெதுவாக "நல்லாருக்கு அத்தை" என்றார். "தெரியும்" என்றாள்.

ஏப்ரல் 19

இதில் பேசி ரொம்ப நாளாகிறது. மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

இன்று வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு மேட்டை நடந்தே ஏறினேன். கதவு திறந்திருந்தது. சமையலறையில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை, இரண்டு அடிதான் வைத்தேன்.

"வண்டி எங்கங்க?" என்றாள், திரும்பாமலே.