கீரிமலைக்குத் தோயப் போகிறேன்

இஞ்சாருங்கோ,

உங்கள் நித்திரையைக் குழப்ப மனம் வரவில்லை. அடுத்த வளவுச் செல்லாச்சியக்காவின் வண்டிலில் கீரிமலைக் கேணிக்குத் தலையோடு முழுகித் தோயப் போகிறேன். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். பிள்ளை பால் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். எழும்பினால் அடுப்படியில் மூடி வைத்த குரக்கன் கஞ்சியைக் கொடுங்கள். துப்புவாள், விடாதீர்கள்.

நேற்றைய சண்டைக்கு இதுதான் என் மறுமொழி. "பால் குடுக்கிறவள் தலையிலை தோய்ஞ்சால் பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும்" என்று எட்டு மாதமாக என்னைத் தலை நனைக்காத மேல்கழுவலோடு நிறுத்தி வைத்தீர்கள். தலைப்பாரத்தில் நான் எரிந்து விழுந்ததையும், காரணமில்லாமல் அழுததையும் பார்த்தும் நீங்கள் அசையவில்லை.

இப்போது சொல்கிறேன். இந்தக் கிழமை நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனபிறகு, மூன்று நாள் கிணற்றடியில் தலையில் வாளி வாளியாய் ஊற்றித் தோய்ந்தேன். பாரமெல்லாம் இறங்கிவிட்டது. முந்தாநாள் கஞ்சி காய்ச்சும்போது பாட்டுக்கூடப் பாடினேன். பிள்ளை ஒரு தும்மல் தும்மவில்லை.

தும்முவது நீங்கள்தான்.

தையல்முத்து

வரும்போது ஈரத் தலையை விரித்துக்கொண்டுதான் ஒழுங்கையால் வருவேன். ஊர் பார்க்கட்டும்.

இன்னொன்று: மல்லி அவித்துச் செம்பில் வைத்திருக்கிறேன், சூட்டோடு குடியுங்கள். பிள்ளையின் முகத்தில் தும்மாதீர்கள். தடிமன் மாறும்வரை நீங்கள் தலையில் தோய வேண்டாம், மேல்கழுவல் போதும்.