வந்தால் மோட்டார், வராவிட்டால் கவலை

என்னோடு சண்டை போட்டுக்கொண்டே இத்தனை வருஷம் குடித்தனம் செய்த ஜெயமாலாவுக்கு,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ போன அந்த வாரம், வீடு நிறையத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள். உன் பெரியம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். நானும் முறைப்படி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது தெருவில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. அவ்வளவுதான். உன் பெரியம்மாவின் காலைத் தாண்டி, மோர் கொடுத்துக்கொண்டிருந்தவரை இடித்துத் தள்ளி, அவிழ்ந்த வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி வாசலுக்கு ஓடினேன். வந்தது யாரோ உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை.

திரும்பி உள்ளே வந்தேன். "பாவம், துக்கத்துல புத்தி கலங்கிப்போச்சு" என்றார் உன் பெரியம்மா. அந்த அம்மாளுக்குத் தங்கமான மனசு. நீ இருந்திருந்தால், "இன்னா, சீமை ராசா ஆள் அனுப்பிட்டாரா?" என்று கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பத்திரிகைக்காரர்கள் நான் மாதாமாதம் எழுதும் சிரிப்புப் பக்கத்தைக் கேட்டிருக்கிறார்கள். இந்த மாதம் என்னிடம் இருப்பது இந்தக் கடிதம்தான். நாலு பேர் படிப்பார்கள் என்பதால் உன் ரசத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, பயப்படாதே. ஆனால் அவர்களுக்குக் கதை புரிய வேண்டுமே. அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் செஞ்சி பஜாரில், எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுச் செம்புக்கம்பிக் காயில் கட்டித் தருகிறவன். இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தனசேகர் லீவில் வந்தபோது, கைத்தொழில் தெரிந்தவர்களை அங்கே எடுக்கிறார்கள், மனுப்போட்டால் வவுச்சர் என்று ஒரு சீட்டு வரும், அது வந்தால் கப்பல் ஏறலாம் என்றான். "எல்லாருக்கும் வராது அண்ணே. நெறைய பேர் போடறாங்க, கொஞ்சம் பேரைத்தான் எடுப்பாங்க" என்றும் சொன்னான். முதல் பாதி என் காதில் விழுந்தது. இரண்டாம் பாதி உன் காதில் விழுந்தது.

நீ அவனிடம் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சம்பளம் கேட்கவில்லை, வீட்டு வாடகை கேட்கவில்லை.

"ஏன் தம்பி, அந்த ஊர்ல பொழுது எப்போ சாயும்?"

"குளிர்காலத்துல நாலு மணிக்கே இருட்டிடும் அக்கா. கோடையில ராத்திரி ஒம்பது, பத்து வரைக்கும் வெளிச்சம் இருக்கும்."

உன் முகம் கறுத்துவிட்டது. பொழுது சாய்ந்த பின் சாப்பிடாத ஜைனக் குடும்பம் நம்முடையது. சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கும் முன் உன் அடுப்பு அணைந்துவிடும். "இவரு வேலை வுட்டு வரவே இருட்டிடுமே. குளிர்காலம் பூரா பட்டினியா?" என்றாய். தனசேகர் முழித்தான். அவன் அங்கே என்னென்ன சாப்பிடுகிறான் என்பது அவன் முழித்த முழியிலேயே தெரிந்தது.

மறுநாளே நான் மனுப் போட்டேன்; நம் வீட்டில் லண்டன் குளிர்காலம் ஆரம்பமாகிவிட்டது. பழகிப் பார்க்க வேண்டுமாம். மூன்றரை மணிக்கு ராச்சாப்பாட்டைத் தூக்கில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்து நிற்பாய். பக்கத்து ஜவுளிக்கடைச் செட்டியார் கழுத்தை நீட்டி, "இன்னா நயினாரே, வூட்ல சண்டையா? சூரியன் நடுவானத்துல இருக்குது, ராச்சாப்பாடு வந்துடுச்சே?" என்பார். "லண்டன்ல இருட்டிட்டுது செட்டியாரே" என்பேன். அவர் வானத்தைப் பார்ப்பார். என்னைப் பார்ப்பார். பிறகு கல்லாவுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்குவார். எட்டு மணிக்கு எனக்குப் பசி எடுக்கும். "லண்டன்ல பசிக்காது, குளிருக்கு வயிறு அடக்கமா இருக்கும், தூங்குங்க" என்பாய், நேரில் போய்ப் பார்த்து வந்தவள்போல.

அப்படி ஒரு மூன்றரை மணிக்குத்தான் சீயமங்கலத்து முனுசாமி மாட்டு வண்டியில் தன் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் கிணற்றுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. மனுப் போட்டுவிட்டு, கையோடு மோட்டாரையும் வாங்கி, கோணி சுற்றிப் பொட்டு வைத்துக் கட்டிலடியில் வைத்திருந்தார். துருப்பிடித்திருக்கிறதா என்று வருஷம் ஒருமுறை என்னிடம் காட்டுவார், தலைப்பிள்ளையை டாக்டரிடம் காட்டுவதுபோல.

"கரண்டே வரலியே முனுசாமி, உனக்குக் கொடுப்பாங்கன்னு இன்னா நிச்சயம்?" என்று நான் கிண்டலடித்தேன். யார் யாரைக் கேட்கிறது பார்!

"பேரு எழுதியிருக்குதுங்க. வந்தா வருது."

தூக்கைத் திறந்துகொண்டிருந்த நீ நிமிர்ந்தாய். "அதுவரைக்கும் தண்ணிக்கு இன்னா பண்றீங்க?"

"மாடு இருக்குது, கவலை இருக்குது, எறைச்சிக்கினு கெடக்கறன். கரண்டு வந்தா மோட்டாரு, வராங்காட்டி கவலை. மல்லாக்கொட்டை காத்துக்கினு இருக்குமாம்மா?"

அவர் சொன்னது வேர்க்கடலைக்கு மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கவலையை. உனக்கோ அந்த வார்த்தையில் இரண்டு கவலையும் ஒன்றாகக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து என்னைத் தூங்கவிட்டாயா?

"மோட்டாருக்கு மனுப் போட்டுட்டீங்க. நம்ம வூட்டுக் கவலையை எங்க வெச்சிருக்கீங்க?"

"எனக்கு ஒரு கவலையும் கிடையாது."

"அதான் எனக்குக் கவலை."

உன்னிடம் இரண்டு திட்டமும் இருந்தன, ஜெயா. சீட்டு வந்தால் மூன்றரை மணிச் சாப்பாடு. வராவிட்டால், ஒழுகுகிற கூரைக்கு ஓடு மாற்றுவது, பெரிய மோட்டார் வேலைகளைத் திருப்பி அனுப்பாமல் எடுப்பது, நம் பெண் சுநந்தாவை விழுப்புரத்தில் வாத்தியார் பயிற்சியில் சேர்ப்பது. என்னிடம் ஒன்றுதான் இருந்தது. ஓடு மாற்ற ஆள் வந்தால், "போகப்போற வீட்டுக்கு எதுக்குப்பா?" என்று அனுப்பிவிடுவேன். பெரிய வேலை வந்தால், "எந்த நிமிஷமும் கிளம்பிடுவேன்" என்பேன். இந்தச் செஞ்சியில் என்னை அறியாதவர்களும் நான் கிளம்பப்போவதை அறிவார்கள். கிளம்பாததையும் அறிவார்கள்.

மழைக் காலத்தில் உனக்கு ஜுரம் வந்தது. சாதாரண ஜுரம் என்றார்கள். கட்டிலின் மேல் ஒழுகியது. கட்டிலை நகர்த்திப் போட்டேன். அங்கேயும் ஒழுகியது. மறுபடி நகர்த்தினேன். இதைப் பற்றி எனக்குச் சிரிப்பாக எழுத வரவில்லை.

ஜுரத்திலும் நீ சுநந்தாவின் படிப்பைத்தான் கேட்டாய். "லெட்டர் வரட்டும் ஜெயா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்: "அது வரட்டும், வராமப் போவட்டும். நீங்க எப்போ வந்து சேரப்போறீங்க?"

நான் உன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். அப்போது புரியவில்லை.

நீ போன பிறகு சுநந்தாவுக்குப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தது. குறித்த நாளில் சேராவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். படிப்போ இரண்டு வருஷம். நடுவில் எனக்குச் சீட்டு வந்தால் அவளை யாரிடம் விட்டுப் போவேன்? நீ இருந்தால் உன்னிடம் விடலாம். அவளைச் சேர்த்தால் என் கப்பல் போய்விடும். சேர்க்காவிட்டால் அவள் கையில் இருப்பதும் போய், நாளைக்கு "எடுக்கவில்லை" என்று ஒரு வரி வந்தால், இரண்டு பேரும் ஒழுகுகிற வீட்டில் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நம் பெண் உன்னைப்போலச் சுற்றி வளைப்பதில்லை. "நைனா, நாம இருக்கறமா, போறமா?" என்றாள்.

"லெட்டர் வரட்டும்மா."

"அம்மா போயிட்டாங்க நைனா. நாம இருக்கறமா?"

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்று அமாவாசை என்பதை மறந்துவிட்டேன். லண்டனில் சூரியன் எப்போது மறையும் என்று தெரியும், மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டம் போகும் அமாவாசை தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. "விழுப்புரம் பஸ் எங்கப்பா?" என்று ஒரு கண்டக்டரைக் கேட்டேன். "இன்னிக்கு எல்லா பஸ்ஸும் ஆத்தாளுக்குத்தான். ஏறு, வேண்டிக்கினு நாளைக்குப் போ" என்றான். கடைசியில் மல்லாக்கொட்டை லாரியில் முன்னால் இடம் கிடைத்தது. டிரைவர் வழியெல்லாம் தன் இரண்டு சம்சாரங்களைப் பற்றிப் புலம்பினார். முழுக் கதையும் என்னிடம் இருக்கிறது. நீ இல்லாமல் யாரிடம் சொல்வது?

பள்ளித் தலைமை அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்க வெளிநாடு போறதா சொன்னாங்களே? பாதியில பெண்ணை நிறுத்திட்டுப் போயிட மாட்டீங்களே?"

செய்தி விழுப்புரம் வரை வந்திருக்கிறது, பார்த்துக்கொள். "இல்லீங்க அம்மா, நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். இந்த வார்த்தையை நான் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. சுநந்தா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மல்லாக்கொட்டைத் தோலைத் தட்டிவிட்டாள்.

இதுதான் இங்கே நடப்பு. கூரைக்கு ஓடு மாற்றியாகிவிட்டது. பட்டறையில் கால் வைக்க இடமில்லாமல் மோட்டார்கள். ரேஷன் அரிசிக்கு நிற்கும் வரிசையில் பெண்கள் இன்னும் உன்னைப் பற்றிப் பேசுகிறார்களாம். முனுசாமி கிணற்றுக்குக் கரண்ட் வரவில்லை. எனக்கும் சீட்டு வரவில்லை. வராது என்றாவது எழுதுவார்கள் என்று பார்த்தால், அதையும் காணோம்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். அந்த ஊருக்கு வர உனக்கு ஆசை இருந்ததா ஜெயா? எனக்காகத்தான் அந்த மூன்றரை மணிச் சாப்பாடா? இத்தனை நாள் பேசியதில் இதை மட்டும் நான் எப்படிக் கேட்காமல் விட்டேன்?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். சுநந்தா படிப்பை முடித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் சாக்குக்கட்டி பிடித்து நிற்கிறவரை இந்த ஊரைவிட்டு நகரமாட்டேன். நடுவில் நல்ல பதிலே வந்தாலும் சரி. நான் வந்து சேர்ந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்,
சுநந்தாவின் நைனா

பி.கு.: பட்டறைக்குப் புதிதாக ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டியிருக்கிறேன். அது லண்டன் மணி காட்டுகிறது. கேட்கிறவர்களிடம் ரிப்பேர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.