மூன்றாவது கை

09.02.2025, ஞாயிறு

காலையில் தலையணை உறை தோய்த்துக்கொண்டிருக்கும்போது கொழும்பிலிருந்து ஒருவன் என்ரை மனுசனுக்குப் போன் எடுத்தான். பழைய கார் சேர்க்கிற ஆளாம். எங்கள் ஃபொக்ஸ்வாகனைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். சித்திரை வருசத்துக்கு ஊருக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டான். இவர் “ஓம், வந்து பாருங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். விலைகூடக் கேட்கவில்லை. அந்தக் காருக்கு ஒரு கீறல் விழுந்தால் இரண்டு நாள் சாப்பிடாத மனுசன்.

போன ஆவணியில் சீனி வருத்தத்தால், நீரிழிவுதான், இவருடைய இடக்காலை முழங்காலுக்கு மேலே வெட்டவேண்டி வந்தது. அதற்கு முதல் ஒவ்வொரு பின்னேரமும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வாசலில் காரோடு நிற்பார். மருந்து கொடுக்கிற பகுதியில் என்னோடு வேலை செய்கிற றெஜினா கார்ச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “பத்மா, உன்ரை தகரப்பேணி வந்திட்டுது” என்பாள். இப்போது நான் பஸ்ஸில் வருகிறேன். இவர் கிளினிக்குக்குத் தவிர வாசல் படலையைத் தாண்டுவதில்லை.

கார் போனால் இந்த மனுசன் அறைக்குள்ளேயே இருந்துவிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறது.

“வருசப்பிறப்பு வரைக்கும் காரை என்னட்டை விடுங்கோ” என்றேன்.

“உனக்கு ஓடவும் தெரியாது, திருத்தவும் தெரியாது.”

“பழகிறன்.”

“என்னவும் செய்” என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

12.02.2025, புதன்

பஸ்ஸில் வரும்போது போனில் பார்த்துக்கொண்டே வந்தேன். இடக்கால் வேண்டியது கிளச் மிதிக்க மட்டும்தான். அந்தப் பெடலைக் கையால் தள்ள ஒரு பிடி வைத்தால் கால் தேவையில்லை. இவ்வளவுதானே விஷயம்? இதற்கா ஒரு மனுசன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது?

16.02.2025, ஞாயிறு

கார்க் கொட்டிலுக்குள் போய்ப் பின்மூடியைத் திறந்தேன். இந்தக் காருக்கு எஞ்சின் பின்னுக்கு. ஒட்டறை, எண்ணெய், எலிப்பீ. எஞ்சினைச் சுற்றிக் கறள் பிடித்த தகரத் துண்டுகள்.

பக்கத்துத் தோட்டத்து நடராசா அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “இதுக்குத் தண்ணி எங்கை தங்கச்சி விடுறது?”

“இதுக்குத் தண்ணி இல்லை அண்ணை. காத்திலை ஆறுறது.”

“காத்திலை ஆறுறதை ஏன் இவ்வளவு தகரம் போட்டு மூடி வைச்சிருக்கு?”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. புழுக்கம் என்றால் சன்னலைத் திறக்கிறோம்தானே. கரையில் இருந்த தகரம் முழுவதையும் கழற்றினேன். வெங்காயத்துக்குத் தண்ணீர் மாற, பாத்திக்குப் பாத்தி திருப்பிவிட, வாய்க்காலில் குத்திவைக்க நல்லாயிருக்கும் என்று அண்ணை கேட்டார். கொண்டுபோங்கோ என்றேன். கொட்டில் துப்புரவாகிவிட்டது. எனக்குப் பெரிய சந்தோசம்.

22.02.2025, சனி

பெடலில் ஒரு ஆணி கழலமாட்டேன் என்றது. அதன் பக்கத்திலேயே இருந்து அழுதேன். பிறகு கழன்றது.

02.03.2025, ஞாயிறு

சுன்னாகத்தில் வெல்டிங் கடை வைத்திருக்கிற ஜெயதீபன் வந்து, நான் கீறிக் காட்டினபடியே கிளச் பெடலில் ஒரு குழாயைப் பூட்டி மேலே கொண்டுவந்தான். இரண்டு சீற்றுக்கும் நடுவில் நிற்கிறது. முன்னுக்குத் தள்ளினால் பெடல் இறங்குகிறது. “அன்ரி, உங்களுக்கு உண்மையிலை கார் ஓடத் தெரியாதோ?” என்று இரண்டு தரம் கேட்டான். ஏன் கேட்டான் என்று தெரியவில்லை.

இவர் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் கொஞ்சம் பலமாக வைத்தேன். ஊருக்கெல்லாம் சீனி வருத்தக் குளிசை குடுக்கிறன், என்ரை வீட்டிலை இப்பிடி ஒரு மனுசன். நான் ஆருக்காக இந்தக் கறளைச் சுரண்டிக்கொண்டு கிடக்கிறன்? எனக்கு மட்டும் என்ன, இரும்பாலையே மனசு செய்திருக்கு?

09.03.2025, ஞாயிறு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

காலையில் ஜெயதீபன் புதுப் பற்றறி போட்டு எஞ்சினை ஸ்ராட் பண்ணினான். அந்தச் சத்தம் கேட்டு, கூப்பிடாமலே, இவர் ஊன்றுகோலோடு கொட்டிலுக்கு வந்தார். ஏறி இருந்தார். குழாய்ப் பிடியைத் தள்ளிப் பார்த்தார். பிறகு கியர்த் தடியைப் பார்த்தார்.

“என்ன பார்க்கிறியள்?”

“பிடியைத் தள்ளுறதும் இடக்கை. அதைத் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு கியர் போடுறதும் இடக்கை. வலக்கை ஸ்ரேறிங்கிலை. எனக்கென்ன மூண்டு கையே, பத்மா?”

கார் ஓடாதவளுக்கு அது எங்கே தெரியும்? ஜெயதீபன் இரண்டு தரம் கேட்டது அப்போதுதான் விளங்கியது. எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனாலும் விட மனமில்லை. மற்றப் பக்கத்தால் ஏறி இருந்தேன். “நான் தள்ளுறன். எப்ப எண்டு சொல்லுங்கோ.”

“ம்” என்றார். தள்ளினேன். கியர் விழுந்தது. மெல்ல விட்டேன். கார் துள்ளிக்கொண்டு எங்கள் சின்ன ஒழுங்கைக்கு வந்தது. நாலைந்து “ம்”முக்குப் பிறகு துள்ளலும் குறைந்தது. உடுவிலைத் தாண்டும்போது, “கிழவன் ஒருத்தன் சைக்கிள்ளை முந்திறான், பார்” என்று சிரித்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. நான் ரோட்டைப் பார்க்கிறமாதிரி மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சுன்னாகம் சந்தையடிக்குக் கிட்ட ஒரு எரிந்த மணம். எஞ்சின் நின்றுவிட்டது. இவர் இறங்கிப் பின்மூடியைத் திறந்தார். கிட்டப் போக முடியாத சூடு.

“தகரமெல்லாம் எங்கை?”

“நடராசா அண்ணையின்ரை வெங்காயத் தோட்டத்திலை.”

சந்தைக்கு வந்த சனம் முழுக்க ஒற்றைக்காலோடு நிற்கிற இவரையே பார்த்தது. ஜெயதீபன் வந்து கட்டி இழுத்துக்கொண்டுபோய் வீட்டில் விட்டான்.

“அந்தக் கொழும்புக்காரனே கொண்டுபோகட்டும்” என்றார். திரும்பவும் சுவர்ப் பக்கம்.

10.03.2025, திங்கள்

வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தகரம் கேட்கப் போனேன். அண்ணை தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். வாய்க்காலில் எங்கள் தகரம் நிற்கிறது. நான் கேட்டதும் ஒன்றை இழுத்து எடுத்தார். தூரத்துப் பாத்திக்கு ஓடின தண்ணீர் அந்த இடத்திலேயே உடைத்துக்கொண்டு பரவிவிட்டது.

“பாத்தீரோ, இது இல்லாட்டித் தண்ணி அங்கால போகாது. கிட்டவே சுத்திக்கொண்டு நிக்கும்” என்றார்.

அந்தச் சிவப்பு மண்ணில் அப்படியே நின்றுவிட்டேன். காற்றும் அப்படித்தானே. குளிர்காற்றை இந்த வழியால் போ என்று சொல்லவும், சுட்ட காற்றைத் திரும்பி வராமல் மறிக்கவும்தான் அந்தத் தகரம். நான் வரம்பை வெட்டிவிட்டு வெள்ளம் ஏன் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இதை இவருடைய முதுகுக்குச் சொன்னேன். வாய்க்கால், பாத்தி, எல்லாம் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார்.

“தகரத்திலை மண்ணைக் கழுவினனியோ?”

“இல்லை.”

“கழுவு. நான் வாறன்.”

16.03.2025, ஞாயிறு

காலை முதல் இவர் கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு ஏச்சு. அந்த ஆணி அங்கை இல்லை, இஞ்சை. கண் எங்கை இருக்கு உனக்கு. நானும் விடவில்லை. நல்லாச் சண்டை பிடித்தோம். ஒரு தகரத்தைக் காணவில்லை. பால்மாத் தகரப்பேணியை வெட்டி அந்த இடத்தை அடைத்தோம்.

கிளச்சுக்கு வழி இவரே சொன்னார். கியர்த் தடியிலேயே மோட்டச்சைக்கிள் கிளச் பிடி ஒன்றைப் பூட்டி, வயரால் பெடலை இழுக்கவேண்டும். ஒரே கை, விரலால் கிளச், உள்ளங்கையால் கியர். விரலுக்குப் பாரம் தெரியாமல் இருக்க ஜெயதீபன் கீழே ஒரு நெம்புகோலும் வைத்தான்.

“அப்ப அன்ரியின்ரை குழாயைக் கழட்டட்டோ அங்கிள்?”

“அது கிடக்கட்டும்” என்றார்.

30.03.2025, ஞாயிறு

மோட்டார் கந்தோரில் காரைக் காட்டி அனுமதி எடுத்தாயிற்று. எஞ்சின் இப்போது சுடுவதில்லை. ஆனால் இவர் ஒழுங்கை முகப்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். ரோட்டுக்கு ஏறச் சொன்னால், “இண்டைக்கு வேண்டாம்.” நேற்றும் அதுதான். சந்தையடியில் சனம் பார்த்த பார்வை இவருக்கு இன்னும் போகவில்லை. எனக்கும் போகவில்லை.

13.04.2025, ஞாயிறு

கொழும்புக்காரன் வந்தான். நல்ல பொடியன். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். உள்ளே குனிந்து, “இந்தப் பிடியள் எல்லாத்தையும் கழட்டினால் பழையபடி வந்திடும்” என்றான். நான் குசினி வாசலில் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“கழட்டேலாது தம்பி” என்றார் இவர். “என்ரை மனுசி பூட்டினது. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

தேத்தண்ணிக்குச் சீனி போட்டேனா என்று எனக்கு ஞாபகமில்லை.

22.04.2025, செவ்வாய்

பின்னேரம் வரிசையில் கடைசி ஆளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். றெஜினா என் தோளைத் தட்டினாள். கார்ச் சத்தம் எனக்கே கேட்டது.

வாசலில் இவர் காரோடு நின்றார், தனியே. சேட் முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. மோட்டச்சைக்கிள்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தார். நான் ஏறிக் கதவைச் சாத்தினேன். கதைத்தால் அழுதுவிடுவேன்.

கார் அசையவில்லை.

“ஏன் நிக்கிறியள்?”

“விரல் உளையுது. நீ பிடி.”

உளையவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று இவருக்கும் தெரியும். என்னுடைய குழாயில் கையை வைத்தேன்.

“ம்” என்றார்.

தள்ளினேன்.